காசு செலவில்லாமல், தனியாக நேரம் ஒதுக்காமல் அடுத்தவருக்கு நல்லது செய்ய நீங்கள் கையாளும் வழிகள்?

நூல்கண்டு எழுதியது:

அடுத்தவருக்கு நல்லது செய்வது என்றாலே பேச்சு நன்கொடை, ரத்ததானம், தொண்டு நிறுவனம் என்று போய்விடுகிறது. அதெல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பி இரவு வந்து படுக்கிற ஒருவர், அந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே செய்யக்கூடியது என்ன? "எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்யுங்கள்" ரகப் பட்டியல்களை எக்கச்சக்கமாகப் படித்தாயிற்று, அது வேண்டாம். நீங்கள் நிஜமாகவே செய்கிற ஒன்று, அல்லது உங்களுக்கு யாரோ செய்து மனதில் நின்றுவிட்ட ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

நானே தொடங்கி வைக்கிறேன். வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் அப்படியே குப்பையில் போட மாட்டேன். பழைய செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுவேன். குப்பை எடுப்பவர் பையைத் தூக்கும்போது அடியில் கை கொடுத்துத்தான் தூக்குவார், நடக்கும்போது அது அவர் காலில் உரசும். பிளேடு, ஊசி மாதிரி சமாச்சாரம் என்றால் மூடி போட்ட தகர டப்பா. அவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயமே.

மொட்டைமாடி எழுதியது:

நல்ல இழை. என் பங்குக்கு ஒன்று.

"கொஞ்சம் பேசணும், அப்புறம் கூப்பிடுறேன்" என்று மட்டும் ஒரு செய்தி வருகிறது. அதுவும் மேலதிகாரியிடமிருந்து, சாயங்காலம் கிளம்பும் நேரத்தில். அவர் கேட்க நினைத்தது ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதாக இருக்கும். ஆனால் இவருக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு. நான் யாருக்கு அனுப்பினாலும் விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடுவேன்: "அடுத்த வார அட்டவணை பற்றிப் பேசணும், அவசரமில்லை, நாளைக்குக் கூட போதும்." வீட்டில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது உறவினர்களை அழைத்தால், எடுத்த எடுப்பிலேயே "பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தாலே மறுமுனையில் இருப்பவருக்கு அடிவயிறு கலங்கும் இல்லையா?

அப்புறம், வெறும் "ஹலோ" என்று மட்டும் அனுப்பிவிட்டு நாம் பதில் போடும்வரை காத்திருப்பவர்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை திசை மாறிவிடும்.

கடைசிபெஞ்சு எழுதியது:

லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்துவேன். ஆனால் ஆள் தூரத்தில் வரும்போதே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் மக்களே, பாவம், நம் புண்ணியத்துக்காக அவர் ஓடி வர வேண்டியிருக்கும்.

எதிர்க்கட்சி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து வைக்கிறேன், திட்டாதீர்கள்.

நவம்பர் 13 உலகக் கருணை தினமாம். 1998-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு வருகிற வாழ்த்துப் படங்களைப் பார்த்தாலே எனக்கு ஒவ்வாமை. அதை விட மோசம், சாலையோரம் படுத்திருப்பவருக்குப் போர்வை கொடுத்துவிட்டு அவர் அழுவதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள். அவர் முகத்தைக் காட்டலாமா என்று யாராவது அவரைக் கேட்டார்களா? ஒரு போர்வைக்கு விலையாக அந்த மனுஷனின் மானத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதிரு என்பார்கள். நான் இரண்டாவது கட்சி. வரிசையில் முந்தாமல் இருப்பது, பேருந்தில் ஸ்பீக்கரில் பாட்டு வைக்காமல் இருப்பது, வாங்கிய கடனை அவர் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுப்பது. இவ்வளவையும் எல்லோரும் ஒழுங்காகச் செய்தாலே போதும், மேற்கொண்டு கருணை தேவைப்படாது.

நூல்கண்டு எழுதியது:

மேற்கோள்: *"அவர் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுப்பது"*

இது உபத்திரவமில்லாத பட்டியலில் வராது எதிர்க்கட்சி, சுத்தமான உபகாரம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கூச்சமான வேலை என்று கேட்டவருக்குத்தான் தெரியும். மாட்டிக்கொண்டீர்கள். :)

ஆய்வுப்பூனை எழுதியது:

இந்தப் பொருளைப் பற்றி உளவியலில் நிறைய இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு.

முதலாவது, 1973-ல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்ட சோதனை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள்தான் அதில் பங்கேற்றவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும் என்று அனுப்புகிறார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார் (அவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள்). "நேரம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். "ஏற்கெனவே தாமதம், ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். உதவி செய்வதைப் பற்றியே பேசப் போகிறோம் என்பது பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை.

அதனால் என் வழி மிக எளிமையானது. எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன். நல்லவனாக இருப்பதற்குப் பெரிய மனசெல்லாம் அப்புறம், முதலில் கையில் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இரண்டாவது, குமார், எப்ளி என்ற இருவர் 2022-ல் வெளியிட்டது. சிகாகோவில் பனித்தரையில் சறுக்கி விளையாடும் ஒரு திடல். அங்கே வந்தவர்களிடம் சூடான சாக்லேட் பானம் ஒன்றைக் கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது இங்கே யாருக்காவது கொடுக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலோர் முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்பவர் எவ்வளவு மகிழ்வார் என்று அவர்களை ஊகிக்கச் சொன்னால், சராசரியாகப் பார்த்தால் குறைத்தே மதிப்பிட்டார்கள். கொடுப்பவர் "ஒரு கோப்பைதானே" என்று பொருளைப் பார்க்கிறார். வாங்குபவருக்கோ யாரோ தன்னை நினைத்தார்கள் என்பதே பெரிதாகப் படுகிறது.

நாம் பாதி நல்ல காரியங்களைச் செய்யாமல் விடுவது கெட்ட எண்ணத்தால் இல்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா, தப்பாக நினைத்துக்கொள்வாரோ" என்ற தயக்கத்தால்தான்.

எதிர்க்கட்சி எழுதியது:

1973 சோதனையில் மொத்தமே 40 பேர்தான் பூனையாரே. அதில் மூன்று பிரிவு. அந்த 10 சதவீதத்தைக் கல்வெட்டில் பொறிக்காதீர்கள்.

ஆனால் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவது நல்ல யோசனைதான். ஒப்புக்கொள்கிறேன்.

மழைக்கால்பூச்சி எழுதியது:

மேற்கோள்: *"தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தால்தான்"*

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இந்தத் தயக்கம் சும்மா வந்ததில்லை அண்ணா. தெரியாத ஆணைப் பார்த்துச் சிரித்தால், வழி சொன்னால், அது எங்கே போய் முடியும் என்று எங்களுக்குப் பட்ட அனுபவம் இருக்கிறது. ஆகவே "தயக்கத்தை விடுங்கள்" என்ற அறிவுரையை எல்லோருக்கும் பொதுவாக வைக்க முடியாது.

நான் கண்டுபிடித்த வழி, முகத்துக்கு நேராகச் செய்யாமல் முதுகுக்குப் பின்னால் செய்வது. ஒருவர் நன்றாக வேலை செய்தால் அவரிடம் சொல்வதோடு நிற்காமல், அவருடைய மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதிப் போடுவேன். "உங்கள் ஊழியர் இன்னார், இன்ன சிக்கலை இப்படித் தீர்த்துக் கொடுத்தார்" என்று விவரத்தோடு. புகார் எழுத எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. பாராட்டு எழுத யாரும் மெனக்கெடுவதில்லை, அதனால் வருகிற ஒன்றிரண்டு நன்றாகவே எடுபடும்.

கூட்டத்தில் இன்னொன்று. யாராவது பேச வாயெடுத்து, இன்னொருவர் குறுக்கே புகுந்து பேச்சு வேறெங்கோ போய்விடும். அடங்கியதும், "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று அவர் பக்கம் திருப்பிவிடுவேன். ஐந்து வினாடி வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

புதுவரவு எழுதியது:

நான் கண் தெரியாதவர்கள் யாராவது சாலையில் நின்றால் உடனே கையைப் பிடித்துக் கடத்திவிட்டுத்தான் போவேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி.

விரல்நுனி எழுதியது:

புதுவரவு, உங்கள் மனசுக்கு நன்றி. கோபமில்லாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குப் பார்வை கிடையாது. தினமும் தனியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறேன். சாலையோரம் நிற்கும்போது திடீரென்று ஒரு கை வந்து என் கையைப் பிடித்து இழுக்கும். யார், என்ன, எங்கே இழுக்கிறார் எதுவும் தெரியாது. பல நேரம் கோல் பிடித்திருக்கிற கையையே பிடித்துவிடுவார்கள். அது என் கண்ணைப் பொத்துவது மாதிரி. சில நேரம் நான் கடக்கவே நின்றிருக்க மாட்டேன், நண்பருக்காகக் காத்திருப்பேன். கொண்டுபோய் எதிர்ப்பக்கம் விட்டுவிட்டு நன்றியும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் திரும்பி வர வேண்டும்.

முதலில் வாயைத் திறந்து கேளுங்கள். "சார், ரோடு கிராஸ் பண்ணணுமா?" போதும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வருத்தப்படாதீர்கள். வேண்டும் என்றால் நீங்கள் என்னைப் பிடிக்கக் கூடாது, நான்தான் உங்களைப் பிடிப்பேன். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவேன். நீங்கள் ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா, திரும்புகிறீர்களா என்பது அந்தக் கையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். படி வந்தால் "படி, மேலே" அல்லது "படி, கீழே" என்று சொல்லுங்கள். "அதோ அங்கே", "இந்தப் பக்கம்" எல்லாம் எனக்கு உதவாது. இடது, வலது என்று சொல்லுங்கள். உட்கார வைப்பதாக இருந்தால் தோளைப் பிடித்து அமுக்க வேண்டாம், என் கையை நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகும்போது "கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சத்தமில்லாமல் போய்விட்டால் நான் காற்றோடு பேசிக்கொண்டிருப்பேன். சுற்றி இருப்பவர்களுக்கு வேடிக்கை.

புதுவரவு எழுதியது:

இதை யாரும் சொல்லித் தந்ததில்லை சார். ஒரு சந்தேகம்: உங்களை விட நான் ரொம்ப உயரம் என்றால் முழங்கை சரிப்படுமா, தோளா?

விரல்நுனி எழுதியது:

உயர வித்தியாசம் இருந்தால் தோளில் கை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எதிரில் இருப்பவரையே கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இரவுப்பறவை எழுதியது:

விரல்நுனி சொன்னது பார்வைக்கு மட்டுமல்ல, எல்லா உதவிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நான் வாங்கிய பக்கத்திலிருந்து எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா நீண்ட காலம் படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டது நான். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் போகும்போது சொன்னது ஒரே வாக்கியம்: "ஏதாவது வேணும்னா தயங்காம கேளு." நான் ஒருவரையும் கேட்கவில்லை. எது வேண்டும் என்று யோசிக்கவே அப்போது தலையில் இடமில்லை. யோசித்தாலும் யாரிடம் கேட்பது, அவருக்கு என்ன சிரமமோ, இது ஒரு தனி வேலை. அந்த வாக்கியம் உதவி மாதிரி தெரியும், ஆனால் பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது.

உதவியவர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். "நாளைக்கு மருந்துக் கடைப் பக்கம் போறேன், சீட்டைப் படம் எடுத்து அனுப்பு." இதற்கு நான் யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மதியம் வந்து, "நான் அம்மாகிட்ட உட்கார்ந்துக்கிறேன், நீ அந்த ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கோ. தூக்கம் வரலேன்னாலும் பரவாயில்லை, சும்மா படு" என்றார். நான் மறுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கையில் பின்னல் ஊசியும் நூலும் கொண்டு வந்திருந்தார், ஆக எனக்காக நேரத்தை வீணாக்குகிறாரே என்ற உறுத்தலும் எனக்கு வரவில்லை. அதை யோசித்துச் செய்தாரா, தற்செயலா தெரியாது.

ஆனால் எனக்கு மிகப் பெரிய உதவி எது தெரியுமா? சித்தி மகள் செய்தது. தினமும் பத்துப் பதினைந்து பேர் போன் செய்து "அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்பார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இன்றைக்கு டாக்டர் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை என்பதைப் பதினைந்து தடவை சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவள், "தினம் ராத்திரி எனக்கு மட்டும் ரெண்டு வரி அனுப்பு அக்கா, மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். யாராவது போன் பண்ணா என்கிட்ட பேசச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து என் போன் அமைதியானது.

அம்மா போன பிறகும் ஒன்று. முதல் சில வாரம் வீடு நிறைய ஆட்கள். அப்புறம் ஒருவரும் இல்லை. அவரவர்க்கு வேலை இருக்கிறது, குறை சொல்ல முடியாது. அம்மா பெயரை எடுத்தால் நான் அழுதுவிடுவேன் என்று பயந்து பெயரையே எடுக்க மாட்டார்கள். நானோ யாராவது எடுக்க மாட்டார்களா என்று இருந்தேன். அம்மாவோடு வேலை பார்த்த ஒருவர் மாதங்கள் கழித்து ஒரு செய்தி அனுப்பினார்: அலுவலகத்தில் அம்மா ஒரு முறை எப்படி ஒரு தகராறைச் சிரித்துக்கொண்டே தீர்த்து வைத்தார் என்று. கடைசி வரி, "இதற்குப் பதில் போட வேண்டும் என்று அவசியமில்லை." அந்தக் கடைசி வரிக்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஆய்வுப்பூனை எழுதியது:

இரவுப்பறவை அக்கா, அந்தப் பின்னல் ஊசி விஷயம் தற்செயலாகவே இருந்தாலும் சரியான விஷயம். போல்கர் என்பவரும் கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வழக்கறிஞர் தேர்வுக்குப் படிப்பவர்களும் அவர்களுடைய துணைவரும் தினமும் தனித்தனியாகக் குறிப்பு எழுத வேண்டும்: இன்று நான் உதவினேனா, இன்று எனக்கு உதவி கிடைத்ததா என்று. துணைவர் "உதவினேன்" என்று எழுதி, படிப்பவர் அதைக் கவனிக்காமலே போன நாட்களில்தான் படிப்பவரின் மனச்சோர்வு குறைந்தது. உதவி கண்ணுக்குத் தெரிந்தபோது அந்தப் பலன் இல்லை. "நான் ஒருவரைச் சார்ந்து இருக்கிறேன்" என்ற எண்ணமே ஒரு பாரம்.

எதிர்க்கட்சி எழுதியது:

அப்படியானால் நான் சொன்ன படம் பிடிக்கிற கும்பலுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

இரவுப்பறவை, உங்கள் சித்தி மகளுக்கு என் வணக்கம்.

கடைசிபெஞ்சு எழுதியது:

சீரியஸாக ஒன்று கேட்கிறேன். உதவி கேட்டு வருகிறவருக்கு முடியாது என்று சொல்வது எப்படி? எனக்கு அது வரவே வராது. "பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறேன்.

மொட்டைமாடி எழுதியது:

"பார்க்கலாம்" தான் இருப்பதிலேயே கொடுமை நண்பா. அவர் அதை நம்பிக்கொண்டு வேறு யாரையும் கேட்காமல் இருப்பார், கடைசி நேரத்தில் நீங்கள் கைவிரித்தால் அவருக்கு வேறு வழியும் இருக்காது. முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், காரணம் நீட்டி முழக்க வேண்டாம். முடிந்தால் "அவரைக் கேட்டுப் பாருங்கள்" என்று ஓர் ஆளைக் காட்டிவிடுங்கள். வேலைக்கு நேர்காணல் வைக்கும் ஆட்களும் இதைக் கற்றுக்கொண்டால் தேவலை.

நூல்கண்டு எழுதியது:

காது மந்தமானவர்களுக்கும் நாம் தப்பாகவே உதவுகிறோம் என்று தோன்றுகிறது. என் மாமா கருவி வைத்திருக்கிறார். எல்லோரும் கத்துவார்கள். கத்தினால் வாய் கோணும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு அது இன்னும் சிரமம். நேரே முகம் பார்த்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காமல் (முகம் இருட்டாகிவிடும்), சாதாரணமாகப் பேசினால் அவருக்கு நன்றாகவே புரிகிறது. புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பார்க்கலாம்.

அவரை மிகவும் நோகடிப்பது, அவர் "என்ன?" என்று கேட்கும்போது வருகிற பதில்தான்: "ஒண்ணுமில்ல, விடுங்க." எல்லோரும் சிரித்த ஜோக்காக இருக்கும் அது.

நிறுத்தற்குறி எழுதியது:

இத்தனை நாள் படிக்க மட்டுமே செய்தேன், இப்போது எழுதத் தோன்றியது. எனக்குத் திக்குவாய்.

நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாதி நேரம் நான் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. "மூச்சை இழுத்து விடு, மெதுவா பேசு" என்பதும் வேண்டாம், மூச்சு விட எனக்குத் தெரியும். கண்ணை வேறு பக்கம் திருப்பாமல், கைபேசியை எடுக்காமல் நின்றால் போதும், வந்துவிடும்.

நேரில் கூடப் பரவாயில்லை. போனில் பேசுவதுதான் நரகம். முதல் சொல்லே வராமல் நிற்கும். மறுமுனையில் இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்பார்கள், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். திரும்ப அழைத்தால் அதே கதை. கொஞ்சம் கூடுதலாகக் காத்திருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஹெட்செட் எழுதியது:

நிறுத்தற்குறி, நான் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். லைன் இருக்கிறதா இல்லையா என்று எங்கள் திரையிலேயே தெரியும். ஆனால் சத்தமே வராவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. நான் அந்த நேரம் முழுக்கக் காத்திருக்கத் தயார், அதற்குள் ஏதாவது சொல்ல வேண்டுமா? "லைனில்தான் இருக்கிறேன், பொறுமையாகச் சொல்லுங்கள்" என்று சொன்னால் உங்களுக்கு நல்லதா, தொந்தரவா?

நிறுத்தற்குறி எழுதியது:

"லைனில்தான் இருக்கிறேன்" நல்லது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்ப வேண்டாம். "பொறுமையாக" என்பதை எடுத்துவிடுங்கள்.

ஹெட்செட் எழுதியது:

சரி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நான்தான். அவர்களுக்கும் இப்படியே சொல்லிக் கொடுக்கிறேன்.